மோனேயின் அல்லிக்குளம்: எண்ணெய் வண்ணத்தில் ஒரு பிரதி செய்த அனுபவம்

பிரெஞ்சு ஓவியர் மோனேயின் அல்லிக்குளப் படங்களை அச்சில் பார்த்தால், ஈரத்தின் மேல் ஈரமாக ஒரே மூச்சில் தீட்டி முடித்தவை போலத் தோன்றும். ஒன்றைப் பிரதி செய்ய உட்கார்ந்தால்தான் அந்த வேகம் மேல் அடுக்கில் மட்டும் இருப்பது தெரிகிறது. அதற்குக் கீழே நன்றாகக் காய்ந்த வண்ணம் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. அந்தக் காய்ந்த அடுக்கு இல்லாமல் இந்தத் தண்ணீர் வருவதில்லை. அதை எப்படிச் செய்தேன் என்று எழுதி வைத்தால், இதே வேலையில் இறங்க நினைக்கும் இன்னொருவருக்கு உதவும் என்பதால் இந்தப் பதிவு.

நான் எடுத்துக்கொண்டது சிகாகோவின் ஆர்ட் இன்ஸ்டிடியூட் அருங்காட்சியகத்தில் இருக்கும் 1906-ஆம் ஆண்டுப் படம். பிரான்ஸின் ஜிவெர்னி கிராமத்தில் தன் வீட்டுத் தோட்டத்தில் இருந்த குளத்தை வைத்து மோனே ஏறத்தாழ 250 எண்ணெய் வண்ணப் படங்கள் வரைந்திருக்கிறார். 1899-ல் வரைந்தவற்றில் ஜப்பானியப் பாலம் குறுக்கே வரும். கடைசிக் காலத்தில் வரைந்து, பாரிஸின் ஒராஞ்செரி அருங்காட்சியகத்தில் 1927-ல் மக்கள் பார்வைக்கு வந்தவை 2 மீட்டர் உயரச் சுவர் ஓவியங்கள்; வீட்டில் இருக்கும் ஈசலில் (படத்தை நிறுத்தி வரையும் தாங்கியில்) அவற்றைக் கையாள முடியாது. 1906-ஆம் ஆண்டுப் படம் இரண்டுக்கும் நடுவில் வருகிறது. அதில் கரை இல்லை, பாலம் இல்லை, அடிவானமும் இல்லை. சட்டம் முழுக்கத் தண்ணீர்தான். இலைகள் தண்ணீரின் மேல் படுத்திருக்க, வானமும் மரங்களும் தலைகீழாகத் தண்ணீருக்குள் இருக்கின்றன. இந்த இரண்டையும் ஒரே தளத்தில் எப்படிப் பிரித்துக் காட்டினார் என்பதைக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் இத்தனைக்கும் காரணம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மோனேவுக்குக் கண்புரை இருந்ததால்தான் அல்லிப் படங்கள் மங்கலாக இருக்கின்றன என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அவருக்குக் கண்புரை என்று மருத்துவர்கள் உறுதி செய்தது 1912-ல். அறுவை சிகிச்சை நடந்தது 1923-ல். கடைசிக் காலத்துப் படங்களின் செம்மஞ்சள் நிறங்களுக்கு அந்தக் காரணம் பொருந்தலாம். 1906-ல் வரைந்ததற்குப் பொருந்தாது. இந்தப் படத்தில் விளிம்புகள் குழைந்திருப்பது வேண்டுமென்றே செய்த வேலை. பிரதி எடுப்பவர் அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனோதானோவென்று குழைத்துவிட்டுப் போனால் படம் வெறும் புகையாகிவிடும்.

மூலப் படம் 89.9 செ.மீ. உயரம், 94.1 செ.மீ. அகலம். நான் சரிபாதியாக, 45 × 47 செ.மீ. என்று எடுத்துக்கொண்டேன். பிரதி என்றால் அளவை மாற்றிச் செய்வதுதான் மரபு. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து பிரதி எடுப்பவர்களுக்கும் அளவு மாற வேண்டும், ஓவியரின் கையெழுத்தைப் பிரதி செய்யக்கூடாது என்று விதி இருக்கிறது. நானும் கையெழுத்தை விட்டுவிட்டேன். பின்பக்கச் சட்டத்தில் 'பிரதி' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இந்த அளவில் கடையில் தயார் கேன்வாஸ் கிடைக்காது. தச்சரிடம் சொல்லி மரச்சட்டம் செய்து வாங்கினேன். அவரிடம் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்றுதான்: சட்டத்தின் முன்பக்கத்தை உள்நோக்கிச் சாய்வாக இழைக்க வேண்டும். துணி வெளிவிளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். உள்விளிம்பும் தொட்டால், தூரிகையால் அழுத்தும்போது அந்தக் கோடு படத்தில் பதிந்துவிடும். பருத்திக் கேன்வாஸை இழுத்து ஸ்டேப்லர் அடித்து, ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை முன்பூச்சை இரண்டு முறை கொடுத்து, நடுவில் 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தேன். தரை, அதாவது ஜெஸ்ஸோ பூசிய இந்தப் பரப்பு, வெள்ளையாகவே இருக்கட்டும். மோனே பிற்காலத்தில் வெளிர் தரையில்தான் வேலை செய்தார், அந்த வெளிச்சம் கடைசி வரை உள்ளிருந்து உதவுகிறது.

படத்தை ஆர்ட் இன்ஸ்டிடியூட் தன் இணையதளத்தில் உரிமைக் கட்டுப்பாடு இல்லாமல் பெரிய அளவில் வைத்திருக்கிறது. யாரும் இறக்கிக்கொள்ளலாம். பெரிதாக்கிப் பார்த்தால் தூரிகையின் மயிர்த்தடம் வரை தெரிகிறது. ஆனால் திரையைப் பார்த்து நிறம் கலக்காதீர்கள். திரை ஒளியை உமிழ்கிறது, வண்ணம் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, இரண்டும் ஒத்துப்போகாது. நான் பளபளப்பில்லாத 'மேட்' தாளில் பிரதியளவிலேயே ஒரு பிரிண்ட் போட்டு ஈசலில் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். திரையைத் தூரிகைத் தடம் பார்க்க மட்டும் வைத்துக்கொண்டேன். இன்னொரு பிரிண்ட் கறுப்பு வெள்ளையில். அதில் பல இடங்களில் இலையும் தண்ணீரும் ஒன்றோடொன்று கலந்து காணாமல் போகின்றன. அதாவது, வெளிச்சம் இருட்டு என்ற வேறுபாட்டால் அவர் இலையைப் பிரிக்கவில்லை. நிறத்தின் சூடு குளிர்ச்சியாலும் தூரிகை ஓடும் திசையாலும்தான் பிரித்திருக்கிறார். வேலை முடியும் வரை அந்தக் கறுப்பு வெள்ளைத் தாள் கண்ணெதிரேயே இருந்தது.

வண்ணங்களுக்கு வருகிறேன். 1905-ல் ஓவிய வணிகர் துராண்-ருயெலுக்கு எழுதிய கடிதத்தில் மோனே தன் வண்ணங்களைப் பட்டியலிட்டிருக்கிறார்: ஈய வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன் சிவப்பு, அடர் மேடர் சிவப்பு, கோபால்ட் நீலம், விரிடியன் பச்சை. அவ்வளவுதான். கறுப்பு கிடையாது, மண் நிறங்கள் கிடையாது. நமக்கு ஆச்சரியமாக இருக்கும், ஏனென்றால் நம் கடைகளில் விற்கும் பன்னிரண்டு டியூப் பெட்டியில் கறுப்பும் பழுப்பும் கட்டாயம் இருக்கும். அவற்றை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். இந்தப் படத்தின் அடர்ந்த பகுதிகள் எல்லாம் விரிடியனும் மேடரும் கலந்தால் வந்துவிடுகின்றன. இரண்டும் ஒளி ஊடுருவும் வண்ணங்கள். பச்சையும் சிவப்பும் ஒன்றையொன்று மட்டுப்படுத்தி, கறுப்புக்குப் பக்கத்தில் வரும் ஓர் ஆழமான நிறம் கிடைக்கிறது. கொஞ்சம் விரிடியன் கூடினால் மர நிழல், மேடர் கூடினால் ஊதா கலந்த தண்ணீர்.

டியூப் வாங்கும்போது பெயரைப் பார்க்காமல் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். உண்மையான கோபால்ட் நீலம் என்றால் பி.பி.28, விரிடியன் என்றால் பி.ஜி.18 என்று போட்டிருக்கும். 'ஹியூ' என்று சேர்த்திருந்தால் வேறு நிறமியால் அந்தச் சாயலைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். விரிடியன் ஹியூவில் பெரும்பாலும் தாலோ பச்சைதான் இருக்கும். அது ஒரு சொட்டு விழுந்தாலே தட்டு முழுவதையும் தன் நிறமாக்கிவிடும் வண்ணம். இந்தப் படத்தில் பச்சை பணிவாக இருக்க வேண்டும். அசல் விரிடியன் விலை கூடத்தான், ஆனால் காசை எங்காவது செலவழிப்பதென்றால் அங்கே செலவழியுங்கள். வெர்மிலியன் பாதரசம் உள்ளது என்பதால் காட்மியம் சிவப்பு எடுத்தேன். மேடருக்குப் பதில் ஒரு குவினாக்ரிடோன் சிவப்பு, காரணம் மேடர் வகைச் சிவப்புகள் வெளிச்சத்தில் வெளுக்கும்.

வெள்ளைதான் அதிகம் யோசிக்க வைத்தது. மோனே பயன்படுத்திய ஈய வெள்ளை நச்சு. வீட்டில் வைத்துக்கொள்ள நான் விரும்பவில்லை. டைட்டானியம் வெள்ளை 1906-ல் ஓவியர்கள் கைக்கு வந்திருக்கவில்லை. அதன் குணமே வேறு. டைட்டானியம் மிகவும் பலமானது. எந்த நிறத்தோடு சேர்த்தாலும் சுண்ணாம்பு பூசியது போல வெளிறச் செய்யும். அதோடு வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போகும். ஈய வெள்ளை நார் நாராக இழுபட்டு, வைத்த இடத்தில் விறைத்து நிற்கும். அந்த விறைப்பு இல்லாமல் இந்தப் படத்தின் மேடு பள்ளம் வராது. அதனால் டைட்டானியம் வெள்ளையை அட்டைப்பெட்டித் துண்டின் மேல் பிதுக்கி, எண்ணெயை அட்டை உறிஞ்சும்படி சில மணி நேரம் விட்டேன். பிறகு சலித்த கால்சியம் கார்பனேட் பொடியைக் கொஞ்சம் சேர்த்து, பேலட் நைஃப் என்னும் வண்ணக் கத்தியால் அழுத்தி அழுத்திக் குழைத்தேன். பொடி சேர்வதால் வெள்ளையின் பலம் குறைகிறது, உடல் கூடுகிறது. கத்தியை மேலே தூக்கினால் முனை வளையாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம்.

முதல் கோடுகளுக்குப் பென்சில் வேண்டாம். கோபால்ட் நீலத்தை டர்பன்டைனில் நன்றாக நீர்க்கக் கரைத்து, இலைக்கூட்டங்கள் எங்கே என்று மட்டும் தூரிகையால் குறித்தேன். இது தாமரைக்குளம் இல்லை என்பது இங்கே முக்கியம். தாமரை இலை தண்ணீருக்கு மேலே எழுந்து நிற்கும். அல்லி இலை தண்ணீரோடு ஒட்டிப் படுத்திருக்கும். அதனால் ஒவ்வொரு இலையும் சாய்ந்து தெரியும் ஒரு வட்டம், அதாவது நீள்வட்டம். படத்தின் கீழ்ப்பகுதியில் அந்த வட்டங்கள் கொஞ்சம் திறந்து இருக்கும். மேலே போகப் போகத் தட்டையாகி, கடைசியில் வெறும் கிடைக்கோடுகளாகிவிடும். அடிவானம் இல்லாத படத்தில் தூரத்தைச் சொல்வது இந்த ஒன்றுதான். இலைகளை ஒவ்வொன்றாக வரையாமல், ஒரு கூட்டத்தை ஒரு தீவாக எடுத்துக்கொண்டு அந்தத் தீவின் சாய்வைச் சரியாகப் பிடித்தால் போதும்.

இந்தத் தீவுகள் தற்செயலாக அமைந்தவை என்று நினைக்க வேண்டாம். மோனே 1893-ல் ரயில் பாதைக்கு அப்பால் இருந்த நிலத்தை வாங்கி, எப்த் ஆற்றின் கிளையோடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து வெட்டிய குளம் அது. அந்நியச் செடிகள் தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று பக்கத்து விவசாயிகள் எதிர்த்தார்கள். அதையும் சமாளித்து அனுமதி வாங்கினார். வண்ண அல்லிகளை லாத்தூர்-மார்லியாக்கின் நாற்றங்காலிலிருந்து வரவழைத்தார். பிறகு 1901-ல் இன்னும் நிலம் வாங்கிக் குளத்தைப் பெரிதாக்கினார். இலைகளைக் கழுவவும், அல்லி பரவிக் குளத்தை மூடாமல் கூட்டம் கூட்டமாகப் பிரித்து வைக்கவும் ஒரு தோட்டக்காரர் படகில் போய் வேலை செய்தார். ஆக, படத்தின் அமைப்பில் ஒரு பாதி தூரிகை தொடுவதற்கு முன்பே குளத்தில் தயாராகிவிட்டது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு, தீவுகளுக்கு இடையிலான வெற்றிடங்களை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து வைத்தேன்.

அடுத்து மெல்லிய அடிப்பூச்சு. டர்பன்டைனில் கரைத்த வண்ணத்தை நீர்வண்ணம் போல ஓடவிட்டேன்: வானம் தெரியும் இடத்தில் வெளிர் நீலமும் ஊதாவும், மரம் தெரியும் இடத்தில் பச்சை, இலைத் தீவுகளில் மஞ்சள் கலந்த பச்சை. இதில் சொல்ல அதிகம் இல்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடிய தகர டப்பாவில் போடுங்கள்.

இனிதான் முக்கியமான கட்டம். விறைத்த வெள்ளையோடு மிகக் கொஞ்சம் நிறம் சேர்த்து, 4, 6 எண் தட்டை ஹாக் (பன்றிமயிர்) தூரிகைகளால் மேடுகளைப் போட்டேன். இந்த அடுக்கில் நிறத்தைப் பற்றிக் கவலையே இல்லை. திசைதான் எல்லாம். பிரதிபலிப்பு இருக்கும் இடமெல்லாம் மேலிருந்து கீழாகச் சிறு சிறு இழுப்புகள். இலைத் தீவுகளில் கிடைவாட்டில், வளைந்த இழுப்புகள். திறந்த தண்ணீரில் இரண்டும் குறுக்கும் நெடுக்குமாக. மோனேயின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், கடைசியாகத் தெரியும் நிறத்துக்கும் அடியில் இருக்கும் மேட்டுக்கும் சம்பந்தமே இல்லாத இடங்கள் நிறைய இருக்கின்றன. நீலக் கோடு கிடையாக ஓடும், அதற்கடியில் மேடு செங்குத்தாக எழுந்திருக்கும். தண்ணீர் ஒரே நேரத்தில் ஆழமாகவும் தட்டையாகவும் தெரிவது அதனால்தான் என்பது என் கணிப்பு. செங்குத்து மேடு கண்ணை உள்ளே இழுக்கிறது, கிடைக்கோடு அதை மேற்பரப்பிலேயே நிறுத்துகிறது. இந்த அடுக்கு முடிந்தபோது கேன்வாஸில் குளம் எதுவும் தெரியாது. வெளிறிய, சொரசொரப்பான ஒரு பரப்பு மட்டும் இருக்கும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் தீவுகள் மேலெழும்பித் தெரிந்தன. அப்படித் தெரிந்தால் இந்த அடுக்கு சரியாக வந்திருக்கிறது.

அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான். எண்ணெய் வண்ணம் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. மெல்லிய பூச்சுக்குச் சில நாள் போதும். தடித்த மேட்டுக்கு வாரக்கணக்காகும். நகத்தால் லேசாக அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது. அவசரப்படுகிறவர்கள் இந்த இடத்தில் படத்தைத் தொலைத்துவிடுவார்கள், ஏனென்றால் அடியில் ஈரம் இருந்தால் அடுத்த அடுக்கு மேட்டின் மேல் நிற்காமல் அதோடு குழைந்து சேறாகிவிடும்.

மோனேவுக்கு இந்தக் காத்திருப்பு இயல்பாகவே அமைந்தது. அவர் பல கேன்வாஸ்களை ஒரே காலத்தில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாற மாற ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுப்பார். ஒவ்வொன்றும் அதற்குரிய வெளிச்சம் திரும்ப வரும் வரை காத்துக் கிடக்கும். 1903 முதல் 1908 வரை வரைந்த அல்லிப் படங்களில் 48-ஐத்தான் 1909-ல் துராண்-ருயெல் கூடத்தில் காட்சிக்கு வைத்தார். அந்தக் கண்காட்சியையே தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தார். மனதுக்கு ஒவ்வாத பல படங்களை 1908-ல் தன் கையாலேயே அழித்துவிட்டார். நொடியில் தீட்டி முடித்து நகர்ந்துவிடுகிற ஓவியர் என்று அவரைப் பற்றி நிலவும் பேச்சை இந்த ஒரு செய்தியே மறுத்துவிடும்.

காய்ந்த மேட்டின் மேல் நிறம் போடுவதற்குத் தூரிகையில் வண்ணம் குறைவாக இருக்க வேண்டும். வண்ணத்தைத் தொட்டு, ஒரு துணியில் பாதியைத் துடைத்துவிட்டு, தூரிகையைப் படுக்க வைத்து, அழுத்தாமல் இழுக்க வேண்டும். மேட்டின் உச்சி மட்டும் வண்ணத்தை வாங்கிக்கொள்ளும், பள்ளம் பழைய நிறத்தோடு அப்படியே இருக்கும். இடது கீழ்ப் பக்கத்தில் உள்ளங்கை அகலமுள்ள ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். அங்கே அடிப்பூச்சு ஊதா. மேடுகள் சாம்பல் வெள்ளை. முதலில் விரிடியனும் மேடருக்குப் பதில் எடுத்த சிவப்பும் கலந்த அடர்நிறத்தைக் கொஞ்சம் எண்ணெயில் நீர்க்கக் கரைத்து, துணியால் தேய்த்துப் பள்ளங்களில் மட்டும் இறக்கினேன். அது காய்ந்ததும் கோபால்ட் நீலத்தில் சிறிது வெள்ளை சேர்த்துக் குறுக்காக இழுத்தேன். மறுபடி காய்ந்த பிறகு வெளிர் இளஞ்சிவப்பு, அதுவும் தொட்டும் தொடாமலும். பக்கத்தில் நின்று பார்த்தால் மூன்றும் தனித்தனிப் புள்ளிகள். நான்கடி தள்ளி நின்றால் அந்த இடம் அசைகிறது. தட்டில் இந்த மூன்றையும் கலந்து அதே நிறத்தைப் பூசிப் பார்த்தேன், ஒப்பிடுவதற்காகவே ஒரு தனி அட்டையில். நிறம் ஏறக்குறைய அதேதான், ஆனால் சுவருக்கு அடித்த பெயின்ட் போல உயிரில்லாமல் கிடந்தது.

இலைகளுக்கு வரும்போது 'இலை பச்சை' என்ற நினைப்பை விட வேண்டும். வானம் பிரதிபலிக்கும் இடத்தில் இருக்கும் இலை நீலத்துக்கு எதிரே கொஞ்சம் மஞ்சளாகத் தெரிய வேண்டும். மர நிழலுக்குள் இருக்கும் இலை நீலம் கலந்த வெளிர்பச்சையாக, தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரைவிட வெளிச்சமாக இருக்க வேண்டும். விளிம்பைக் கோடு போட்டு மூடக்கூடாது. ஒரு பக்கம் மட்டும் தெளிவாக வைத்து, மறுபக்கத்தைத் தண்ணீரின் இழுப்பால் கொஞ்சம் தின்னவிட்டால் இலை மிதக்கிறது. சுற்றி முழுக்க விளிம்பு வைத்தால் வெட்டி ஒட்டிய காகிதம் போலாகிவிடும்.

பூக்கள் கடைசியில். இதழ் இதழாக வரைய வேண்டும் என்று கை துடிக்கும், அடக்க வேண்டும். மூலத்தில் ஒரு பூவுக்கு ஒரு சில இழுப்புகள்தான். நிழல் பக்கம் கோபால்ட் நீலமும் சிவப்பும் கலந்த ஊதா ஒரு தொடுகை. அதன் மேல் இளஞ்சிவப்பு. வெளிச்சப் பக்கத்தில் தடித்த வெள்ளை, அதில் காட்மியம் மஞ்சள் ஊசிமுனை அளவு. அந்த வெள்ளையை வைத்துவிட்டுத் தூரிகையைச் சட்டென்று மேலே தூக்கினால் ஒரு சிறு முனை நிற்கும். அது அறையின் விளக்கைப் பிடித்துக்கொண்டு மின்னும். வைத்ததைத் திருத்தக்கூடாது. பிடிக்கவில்லை என்றால் கத்தியால் முழுக்க வழித்தெடுத்துவிட்டு அடியில் இருக்கும் காய்ந்த பரப்பைத் துணியால் துடைத்து, புதிதாக வைக்க வேண்டும். அடியில் காய்ந்திருப்பதன் லாபம் இங்கேயும் கிடைக்கிறது. எத்தனை முறை வழித்தாலும் குளம் கெடுவதில்லை.

வார்னிஷ் அடிக்கவில்லை. மோனே தன் படங்களுக்கு வார்னிஷ் போடுவதை விரும்பியவர் இல்லை, போட்டால் இந்தச் சொரசொரப்பான மேட் பரப்பு பளபளத்து எல்லா அடுக்கும் ஒன்றாகிவிடும். அதற்கு விலை தூசி. மேடுகளில் தூசி தங்கும், உலர்ந்த மென்மையான பெரிய தூரிகையால் அவ்வப்போது தட்டிவிட்டால் போதும். கண்ணாடி போடுவதாக இருந்தால் படத்தைத் தொடாமல் இடைவெளி விட்டுப் போடச் சொல்லுங்கள், பூக்களின் முனை நசுங்கிவிடும். பூக்களின் தடித்த வெள்ளை உள்வரை இறுகப் பல மாதம் ஆகும்; அதுவரை யாரும் தொட்டுப் பார்க்காத உயரத்தில் மாட்டுங்கள். இருட்டான அறையிலோ பீரோவுக்குப் பின்னாலோ சாத்தி வைக்க வேண்டாம், ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளிக்கும். நேர் வெயில் படாத, பகல் வெளிச்சம் நன்றாக வரும் சுவர் போதும். எனக்கு அடுத்த வேலை இதே படத்தின் வலது மேல் மூலையை மட்டும் மூல அளவில் செய்து பார்ப்பது. பாதி அளவில் இலைகள் வெறும் கோடுகளாகிப் போகும் அந்த இடத்தில் அவர் தூரிகையை எப்படித் திருப்பினார் என்று இன்னும் பிடிபடவில்லை.